பழுது ஓரிடம், பழி ஓரிடம்

"பழி ஓரிடம், பாவம் ஓரிடம்" என்பது பெரியோர் வாக்கு. இந்த விஞ்ஞான யுகத்தில் அதைச் சற்றே மாற்றி, "பழுது ஓரிடம், பழி ஓரிடம்" என்று சொல்லத் தோன்றுகிறது எங்களுக்கு. ஏன் இப்படிச் சொல்கிறோம் என்று மதிப்பிற்குரிய சகோதரியரும், பெற்றோரும், அன்புத் தோழியரும் கேட்கலாம். எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் வீட்டில் நடந்ததைச் சொன்னால் அது விளங்கும்.

பாகூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் அவள் வீடு. தந்தை விவசாயி. சென்ற அறுவடையில் நெல் விற்ற பணத்தில் பிள்ளைகள் படிப்புக்கென்று ஒரு டேப்லெட் வாங்கித் தந்தார். வைஃபை இணைப்பு அவர்கள் வீட்டில் கிடையாது. அடுத்த வீட்டில் இருக்கும் பெரியப்பாவின் ரவுட்டரிலிருந்துதான் அலை வரும். அதை வைத்து அவளும் அவள் அண்ணனும் மாறி மாறிப் படித்து வந்தார்கள்.

ஓரிரவு அந்த டேப்லெட் தானாகவே அப்டேட் ஆயிற்று. அப்டேட் என்பது வேறொன்றுமில்லை. கருவியை இயக்கும் மென்பொருளில் உள்ள குறைகளை நீக்கி, அதைச் செய்த நிறுவனம் அனுப்பி வைக்கும் புதிய பதிப்பு. மறுநாள் காலையில் பார்த்தால் வைஃபை வரவில்லை. "இணைக்க முடியவில்லை" என்ற ஒரே வாக்கியத்தைத் திரை திரும்பத் திரும்பக் காட்டியது.

"நீதான் எதையோ அமுக்கிக் கெடுத்துட்ட" என்றார் அப்பா. "பொம்பளப் புள்ள கையில இதைக் குடுத்தா இப்படித்தான் ஆகும்" என்றார் ஆயா. அண்ணனும் அதைத் தொட்டவன்தான். அவனை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. நகரத்துக் கடை ஒன்றில் காட்டினார்கள். "உள்ளே வைஃபை பாகம் போய்விட்டது, 1,800 ரூபாய் ஆகும்" என்றார் கடைக்காரர். அவ்வளவு பணத்துக்கு அப்போது வழியில்லை. டேப்லெட் பீரோவுக்குள் போய்ப் பூட்டிக்கொண்டது. அரையாண்டுத் தேர்வு நெருங்கி வந்த வேளையில் பதினொரு நாட்கள் அவளுக்குப் பாடக் காணொளி இல்லை, மாதிரி வினாத்தாள் இல்லை. அதைவிட, செய்யாத தவற்றுக்கு ஏச்சு வாங்கியதில்தான் அவள் முகம் வாடிப்போயிற்று.

நிற்க. பாகூர் ஏரியை அறியாதவர் நம் பகுதியில் உண்டோ? பெண்ணையாற்று நீர் சொர்ணாவூர் அணைக்கட்டில் திரும்பி, பங்காரு வாய்க்கால் வழியாக வந்து அந்த ஏரியை நிரப்புகிறது. ஏரி நிறைந்திருந்தும் ஒருவருடைய வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் அவர் என்ன செய்வார்? வயலைத் திட்டுவாரா? மகளைத் திட்டுவாரா? மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு புறப்படுவார். ஏரியில் நீர் இருக்கிறதா, மதகு திறந்திருக்கிறதா, வாய்க்காலில் அடைப்பு உண்டா, தம் வயலின் மடை திறந்திருக்கிறதா என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டே வருவார். பக்கத்து வயலுக்குத் தண்ணீர் பாய்ந்தால் ஏரியும் மதகும் சரி என்று அப்போதே அவருக்குத் தெரிந்துவிடும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் தவறாமல் செய்யும் ஆராய்ச்சி இது. வைஃபைக்கும் வேண்டியது இந்த ஆராய்ச்சிதான் என்பதே எங்கள் கருத்து.

ஒரு சனிக்கிழமை தோழிகள் நால்வர் அவள் வீட்டுக்குப் போனோம். அம்மாவிடம் கெஞ்சி டேப்லெட்டை வெளியே எடுத்தோம். முதலில் அவள் அக்காவின் கைபேசியில் ஹாட்ஸ்பாட் போட்டு, டேப்லெட்டை அதனுடன் இணைத்துப் பார்த்தோம். உடனே இணைந்தது! ஆகவே வைஃபை பாகம் போய்விட்டது என்ற பேச்சு பொய்யாயிற்று. அடுத்து, பெரியப்பாவின் கைபேசி அவருடைய ரவுட்டரில் வேலை செய்கிறதா என்று பார்த்தோம். நன்றாகச் செய்தது. ஆகவே ரவுட்டரும் சரி, அதற்கு வரும் கம்பியும் சரி. ஏரியில் நீர் உண்டு, வயலும் நல்ல வயல், இடையில் எங்கோ மடை அடைத்திருக்கிறது என்று விளங்கிவிட்டது.

டேப்லெட்டில் தேதியும் நேரமும் சரியாக இருந்தன. பழைய இணைப்பை அழித்துவிட்டுக் கடவுச்சொல்லைப் புதிதாக இட்டோம். அப்போதும் வரவில்லை. கடைசியில் பெரியப்பாவின் மகனை அழைத்து ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறக்கச் சொன்னோம். அங்கேதான் இருந்தது மர்மம். தெருப் பிள்ளைகள் ஓசியில் இணைப்பை உபயோகிக்கிறார்கள் என்று, சென்ற ஆண்டு அவர் ஒரு பட்டியல் போட்டு வைத்திருந்தார். பட்டியலில் உள்ள கருவிகளை மட்டுமே ரவுட்டர் உள்ளே விடும். அப்படிப் போட்டதை அவரே மறந்துவிட்டார்.

பட்டியலில் தோழியின் டேப்லெட்டும் இருந்ததே, பின் ஏன் தடை என்று கேட்பீர்கள். ஒவ்வொரு வைஃபை கருவிக்கும் 'மேக்' முகவரி என்று ஓர் அடையாள எண் உண்டு. அந்த எண்ணை வைத்து, ஒருவர் எந்தக் கடைக்குப் போகிறார், எந்த நிலையத்தில் நிற்கிறார் என்று பிறர் பின்தொடர முடியும். அதைத் தடுக்க 2019-இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 10-லும், 2020-இல் வெளிவந்த ஐபேட் ஓஎஸ் 14-லும் ஓர் ஏற்பாடு செய்தார்கள். கருவி தன் உண்மை எண்ணை மறைத்து, ஒவ்வோர் இணைப்புக்கும் ஒரு புனை எண்ணைக் காட்டும். நல்ல நோக்கம்தான். ஆனால் பழைய எண்ணை மட்டுமே அறிந்த ரவுட்டர், "நீ யார்?" என்று கதவைச் சாத்திவிட்டது. வாயிற்காப்போன் தன் கடமையைச் செய்தான். வந்தவளும் தன்னைக் காத்துக்கொள்ளவே முக்காடிட்டாள். இருவரும் நல்லவரே. ஒருவரை ஒருவர் அடையாளம் தெரியாமல் போனதுதான் குற்றம்.

டேப்லெட்டில் அந்த வீட்டு இணைப்புக்கு மட்டும் உண்மை எண்ணைக் காட்டும்படி மாற்றினோம். அடுத்த நொடியே வைஃபை வந்துவிட்டது. செலவு ஒரு ரூபாய்கூட இல்லை. பிடித்த நேரம் நாற்பது நிமிடம். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய் எங்கள் நால்வருக்கும் கடலை உருண்டை கொண்டுவந்து கொடுத்தார். அன்றிலிருந்து டேப்லெட் பீரோவுக்குள் போகவில்லை.

எல்லாப் பழுதும் இதே பழுதாக இருக்காது. எனினும் ஆராயும் வரிசை ஒன்றுதான். முதலில் டேப்லெட்டையும் ரவுட்டரையும் அணைத்துவிட்டு மீண்டும் போட்டுப் பார்க்க வேண்டும். அடுத்து, வேறு கருவி அந்த இணைப்பில் வருகிறதா, இந்தக் கருவி வேறு இணைப்பில் வருகிறதா என்று இரண்டு சோதனைகள். இணைந்திருக்கிறது, ஆனால் இன்டர்நெட் இல்லை என்று திரை சொன்னால், பெரும்பாலும் ரவுட்டருக்கு அப்பால்தான் கோளாறு. மாதக் கட்டணம் கட்டினோமா, வெளிக் கம்பி அறுந்ததா என்று பார்க்க வேண்டும். தேதி தவறாக இருந்தால் பாதுகாப்பான தளங்கள் திறக்க மறுக்கும். வைஃபையில் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகள் பெரிதும் வழக்கில் உள்ளன. 5 வேகமானது, ஆனால் சுவர்களைத் தாண்டுவதில் வலுக் குறைந்தது. அடுத்த வீட்டுக்கு எட்ட வேண்டுமானால் 2.4 தான் துணை. இவற்றுக்கும் மசியாவிட்டால் நெட்வொர்க் செட்டிங்ஸை மட்டும் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம். கருவி முழுவதையும் அழிக்கும் 'ஃபேக்டரி ரீசெட்' கடைசி மருந்து. அதில் நம் குறிப்புகளும் படங்களும் போய்விடும். பெற்றோரைக் கேட்காமல், பிரதி எடுத்து வைக்காமல் அதைத் தொடவே கூடாது.

"இதெல்லாம் பட்டணத்துப் பிள்ளைகளுக்கு, நமக்கு எதற்கு?" என்று சிலர் கேட்கக்கூடும். அவர்களுக்கு நம் வில்லியனூரின் கதையைச் சொல்ல விரும்புகிறோம். 1998-ஆம் ஆண்டு எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் கிராமத் திட்டத்தைத் தொடங்கியபோது, அதன் நடுவண் நிலையம் வில்லியனூரில்தான் அமைந்தது. கனடா நாட்டின் ஓர் ஆராய்ச்சி மையம் பொருளுதவி செய்தது. கிராமங்களில் தொலைபேசி அரிதாக இருந்த காலம் அது. எனவே ரேடியோ அலை வழியாகவே கம்ப்யூட்டர்களை இணைத்தார்கள். மின்சாரம் நின்றால் கைகொடுக்கச் சூரிய ஒளித் தகடுகளை வைத்தார்கள். வைஃபைக்கான முதல் தரநிர்ணயமே 1997-இல்தான் வந்தது என்றால், கம்பியில்லாத் தொடர்பில் நம் ஊர்கள் எவ்வளவு முந்தியவை என்று எண்ணிப் பாருங்கள்!

ஏம்பலத்தில் கோவில் வளாகத்திலேயே அறிவு மையம் நடந்தது. வீராம்பட்டினத்தில் கடலின் அலை உயரத்தைக் கம்ப்யூட்டரில் பெற்று, ஒலிபெருக்கியில் மீனவருக்கு அறிவித்தார்கள். இம்மையங்களை நடத்திய தொண்டர்களில் பெரும்பாலோர் கிராமத்துப் பெண்கள். கம்ப்யூட்டரை அதற்குமுன் தொட்டறியாத அவர்கள், பயிற்சி பெற்று அதை இயக்கினார்கள். அதனால் ஊரில் அவர்கள் சொல்லுக்கு மதிப்பு உயர்ந்தது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது, நல்லவாடு கிராமத்தில் மக்களை எச்சரித்து வெளியேறச் செய்ய உதவியதும் அறிவு மையத்தின் ஒலிபெருக்கியே. நம் தாய்மார்களின் தலைமுறை செய்து காட்டியதை, நாம் செய்ய முடியாது என்று யார் சொல்ல முடியும்?

பெற்றோரின் அச்சத்தை நாங்கள் அறியாமல் இல்லை. அரும்பாடுபட்டுச் சேர்த்த பணத்தில் வாங்கிய பொருள் கெட்டுவிடுமோ என்ற பயம் நியாயமானது. படிக்க வாங்கியது விளையாட்டில் கழிகிறதே என்ற வருத்தமும் நியாயமானது. எங்களில் சிலர் அதற்கு இடம் கொடுத்ததும் உண்மை. ஆனால் பழுதின் காரணத்தைத் தேடாமல் பழியைச் சுமத்துவது மட்டும் நியாயமாகாது. பழி விழுந்த இடத்தில் தேடல் நின்றுவிடுகிறது. "இவள்தான் கெடுத்தாள்" என்று முடிவு கட்டியபின், ரவுட்டரைப் போய்ப் பார்க்க யாருக்குத் தோன்றும்? அந்தப் பதினொரு நாட்களும் வீணானது அதனால்தான். பழியில் வளர்ந்த பெண், நாளை எந்தக் கருவியையும் தொட அஞ்சுவாள். தொட அஞ்சுபவள் கற்க மாட்டாள்.

அப்டேட்டே வேண்டாம் என்று நிறுத்தி வைப்பதும் வழியல்ல. திருடர் நுழையும் ஓட்டைகளை அடைப்பதும் அப்டேட்தான். தேர்வுக்கு முந்தின நாள் அதைத் தள்ளிப்போட்டு, விடுமுறை நாளில் செய்துகொண்டால் போதும்.

ஆகவே மூன்று வேண்டுகோள்களைப் பணிவுடன் முன்வைக்கிறோம். சகோதரியரே, கம்ப்யூட்டர் பாட வேளையில் மாதம் ஒரு மணி நேரம், பழுது காணும் பயிற்சிக்கென ஒதுக்குங்கள். சாதாரணமாக நிகழும் கோளாறுகளைச் செய்து காட்டி, எங்களைத் தேட வையுங்கள். பெற்றோரே, வீட்டில் ஒரு கருவி நின்றுபோனால், "யார் கெடுத்தது?" என்று கேட்பதற்கு முன், "எங்கே நின்றது?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, பையனைப் போலவே பெண்ணையும் அருகில் உட்கார வைத்துத் தேடச் சொல்லுங்கள். தோழியரே, ரவுட்டர் பக்கத்தில் ஒரு சிறு நோட்டுப் புத்தகம் வையுங்கள். எந்தத் தேதியில் என்ன மாற்றினோம் என்று அதில் எழுதுங்கள். பெரியப்பா வீட்டில் அப்படி ஒரு நோட்டு இருந்திருந்தால், பதினொரு நாள் வேலை பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும். கடவுச்சொல்லை மட்டும் அதில் எழுதாதீர்கள்!

1895-இல் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ், கண்ணுக்குத் தெரியாத அலையைச் சுவர் கடந்து அனுப்பி, தொலைவில் இருந்த மணியை ஒலிக்கச் செய்தார். நம் நாட்டில் அன்று ஒலித்த மணியின் வழித்தோன்றல்தான் இன்று நம் வீட்டுக் கூரையின்கீழ் உலவும் வைஃபை அலை. அதைக் கண்டு நாம் அஞ்ச வேண்டியதில்லை. தண்ணீர் வராவிட்டால் மண்வெட்டி எடுத்து மடையைத் தேடிப் போன பாட்டனாரின் பேத்திகள் நாம். அலை வராவிட்டாலும் அவ்வாறே தேடிப் போவோம். பழுதைக் காண்போம், பழியைத் தவிர்ப்போம்!

பத்தாம் வகுப்பு மாணவி