கைவரையும் கணினியும்

மனை வகுப்போர் முதல் பொறி அமைப்போர் ஈறாக, ஒன்றைப் புதிதாக ஆக்குவோர் பலரும் இக்காலத்தில் கணினியின் முன்னமர்ந்தே தம் தொழிலைத் தொடங்குகின்றனர். கையால் வரைதல் காலங்கழிந்த பழக்கம் என்பார் ஒரு சாரார். கணினி புகுந்து கலையைக் கெடுத்தது என்பார் மற்றொரு சாரார். இவ்விரு சாராரும் தம் கைப்பொருளால் ஒரு வீடேனும் கட்டிப் பார்த்தவரோ என்னும் ஐயம் எனக்குண்டு. தமிழ் பயிலும் மாணாக்கனுக்கு இதில் என்ன வேலை என்று வினவுவார் சற்றே பொறுத்தருள்க.

சென்ற கோடை விடுமுறையில் எங்கள் பாட்டியாரின் ஓட்டு வீட்டைப் பிரித்துக் கட்டுவதென்று குடும்பத்தார் துணிந்தனர். தந்தையாரின் சேமிப்பு முழுதும் அதனுள் அடங்கிற்று. கட்டடக்கலை பயிலும் என் தமையனார் பத்து நாட்கள் கதவை அடைத்துக்கொண்டு, கணினியில் அவ்வீட்டின் உருவத்தைச் சமைத்தார். சுவரில் வெயில் விழுவதும் முற்றத்து வேம்பின் நிழல் படிவதும் அதிற் காணப்பட்டன. அனைவரையும் கூட்டி அதனைக் காட்டினார். தந்தையார் நன்று என்றார், சிற்றப்பா நன்று என்றார், கொத்தனார் தலையசைத்தார். பாட்டியார் மட்டும் வாய் திறவாதிருந்தார். கட்டி முடிந்த வீடே போல ஒன்று கண்முன் நிற்குங்கால் அதனைக் குறைகூற யாருக்குத்தான் நா எழும்?

மறுநாள் மாலை மின்சாரம் நின்றுபோயிற்று. சிறிது பொழுதிற் கணினியும் அணைந்தது. பொழுது போகாத தமையனார், பழைய நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் அவ்வீட்டையே பென்சிலாற் கோணல்மாணலாக வரைந்துகொண்டிருந்தார். பாட்டியார் அருகில் வந்தமர்ந்து, "ராசா, இதிலே அடுப்பு எங்கே இருக்கு?" என்றார். தமையனார் மேற்கு மூலையைக் காட்டினார். "ஆடியிலே மேல்காத்து அடிச்சா புகையெல்லாம் என் கட்டில்மேல்தானே வரும்?" என்று கேட்டுவிட்டுப் பென்சிலைத் தாமே வாங்கி ஒரு கோடு இழுத்தார். விறகடுப்பை விடாத கிழவியார் அவர். அப்பால் கொத்தனாருக்கும் வாய் திறந்தது. விளக்கு வருமுன் ஐந்து தாள்கள் நிரம்பிவிட்டன.

கதை இவ்வளவில் முடிந்திருப்பின் கைவரையே வென்றதென்று நானும் முழங்கியிருப்பேன். அது முடியவில்லை. அவ்வைந்து தாள்களின் முடிபைத் தமையனார் கணினியில் ஏற்றியபோது, மாடிப்படியின் நடுவே ஏறுவார் தலை உத்தரத்தில் மோதுமென்பது புலனாயிற்று. பென்சிலின் எந்தக் கோடும் இதனைச் சொல்லவில்லை. கணினித் திரையில் உத்தரத்தை நகர்த்தக் காசு வேண்டுவதில்லை. காங்கிரீட் இட்ட பின்னர் நகர்த்துவதாயின் தந்தையார் என் செய்வார்?

நிற்க. உலகறிந்த கட்டடங்களிலும் இவ்விரண்டின் உறவைக் காணலாம். ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரத்து இசைநாடக அரங்கிற்கு நிகழ்ந்த போட்டியில் டென்மார்க்கு நாட்டு யோர்ன் உட்சன் 1957-இல் வென்றார். பாய்மரம் விரித்தாற்போன்ற கூரைகளை அவர் கையோட்டத்தில் வரைந்திருந்தார். அவ்வளைவுகளுக்கு வரையறுத்த கணிதம் ஏதுமில்லை. கூரைகள் யாவும் ஒரே கோளத்தின் பரப்பினின்றும் அரிந்தெடுத்தனவாக அமைதல் கூடும் என்னும் தீர்வு 1961-இலேதான் தோன்றிற்று. கட்டட வேலையோ 1959-இலேயே தொடங்கிவிட்டது! கணக்கிடுதற்குப் பொறியாளர் அக்காலத்துக் கணினிகளின் துணையை நாடினர். 70 இலட்சம் டாலரென மதிப்பிட்ட செலவு, 1973-இல் அரங்கு திறக்கப்பட்டபோது 10 கோடியைத் தாண்டியிருந்தது. பழியெல்லாம் கைவரையின்மேற் சுமத்துதல் முறையன்று. வரைவு முற்றுமுன்னரே அடித்தளமிட அரசினர் விரைந்ததும் ஒரு காரணம்.

ஸ்பெயின் நாட்டுப் பில்பாவோ நகரில் 1997-இல் திறக்கப்பெற்ற குகன்ஹைம் அருங்காட்சியகம் வேறொரு வழி காட்டுகிறது. அதனை வகுத்த பிராங்க் கெரி கணினியைத் தாம் கையாளாதவர். பேனாவை எடாது சுழற்றிய கிறுக்கல் போன்ற வரைவுகளே அவர் தொடக்கம். அவற்றினின்றும் மரத்தாலும் தாளாலும் உருமாதிரிகள் செய்யப்பட்டன. பின்னர் அம்மாதிரிகளின் பரப்பைப் புள்ளி புள்ளியாக அளந்து, விமானங்களை வகுத்தற்கென்று பிரஞ்சு நாட்டார் ஆக்கிய கேட்டியா என்னும் மென்பொருளில் ஏற்றினர். ஏறத்தாழ 33,000 டைட்டேனியத் தகடுகள் அவ்வளைவுகளைப் போர்த்துள்ளன. கிறுக்கலில் இருந்த ஓட்டம் தகட்டிலும் நிற்கிறதென்றால், கையும் பொறியும் தத்தம் முறையறிந்து பணிசெய்தமையே காரணம் என்பேன்.

கணினியில் வரைதல் தொடங்கிய வரலாற்றிலும் ஒரு வியப்புண்டு. 1963-இல் அமெரிக்காவில் ஐவன் சதர்லாந்து அமைத்த முன்னோடி நிரலின் பெயர் ஸ்கெட்ச்பேட். அதாவது, கைவரைத் தாட்கட்டு. ஒளிப்பேனாவைத் திரையில் வைத்தே அதில் வரைந்தனர். எனவே கையை ஒழிப்பதற்கென்று கணினி வந்ததென்பது வரலாற்றொடு பொருந்தாது. இக்காலத்தும் திரைமேல் எழுதும் பேனாக்கள் உள. அவை போதாவோ எனின், ஓரளவு போதும் என்பேன். ஆயினும் பாட்டியார் அத்திரையில் கோடிழுத்திருப்பாரோ?

இனித் தமிழ் மாணாக்கனின் வேலைக்கு வருவேன். வண்ணந்தீட்டாது கோட்டளவில் நின்ற ஓவியத்தைப் பண்டையோர் 'புனையா ஓவியம்' என வழங்கினர். நெடுநல்வாடையில், அணிகளைந்து பிரிவால் வருந்தியிருக்கும் அரசிக்கு அஃது உவமையாயிற்று. புனையாமையைக் குறையென்று கொள்ளாது, அதற்கொரு தனிப்பெயரே இட்டனர். 'வரை' என்னும் சொல்லும் நோக்கத்தக்கது. கோடிழுத்தலும் அதற்குப் பொருள். எல்லை கட்டுதலும் அதற்குப் பொருள். கணினியில் முதன்முதல் உருச்சமைப்பவன், கருத்து முதிருமுன்னரே சுவரின் கனத்தையும் சாளரத்தின் அகலத்தையும் எண்ணாற் கூறக் கட்டுப்படுகிறான். எல்லை கருத்தை முந்திவிடுகிறது. தெளிவில்லாத ஒன்றைத் தெளிவில்லாமலே சிறிது காலம் வைத்திருக்கப் பென்சில் இடந்தருகிறது.

ஆகவே வகுப்புக்கலை பயிற்றும் கல்லூரிகளுக்கு ஒரு விண்ணப்பம் செய்வேன். தேர்வாளர்கள் மாணாக்கரிடம் பளபளப்பான இறுதிப் படத்தை மட்டும் வாங்கி மதிப்பெண் இடுகின்றனர் என்று தமையனார் கூறுகிறார். அதனொடு, அழித்தெழுதிய தாள்களையும், பிறர் கைபட்ட தாள்களையும் கேட்டு வாங்கி, அவற்றிற்கும் மதிப்பெண் இடுவாராக. மதிப்பெண் இல்லாத எதனையும் மாணாக்கர் நெடுங்காலம் செய்யார். இதனை நான் பிறரைப் பார்த்துக் கூறவில்லை.

எங்கள் வீடு இப்போது லிண்டல் மட்டம் வரை எழும்பியுள்ளது. அடுப்பங்கரை கிழக்கே போயிற்று. உத்தரமும் இடம் மாறிற்று. மாடிப்படியைப் பற்றி மட்டும் பாட்டியாருக்கு இன்னும் மனநிறைவில்லை.