3,200 ரூபாய்க்கு ஒரு மடக்குக் கத்தி தேவையா?

கேள்வி: எங்கள் காபித் தோட்டத்தில் அப்பா வைத்த வெண்ணெய்ப்பழ மரம் ஒன்று உள்ளது. நல்ல சதைப்பற்றுள்ள பழம். இரண்டு வருடமாகக் கிளை நுனியிலிருந்து காய்ந்து வருகிறது. மரம் போவதற்குள் 20 ஒட்டுச்செடியாவது கட்டிவிட வேண்டும். சுவிஸ் மடக்குக் கத்தி 3,200 ரூபாய், உள்ளூர் ஒட்டுக்கத்தி 350 ரூபாய் என்கிறார்கள். விலைக் கத்தி வாங்கினால்தான் ஒட்டு பிடிக்குமா?
– ஒரு வாசகர், கரடியூர்.

பதில்: ஒட்டு பிடிப்பது கத்தியின் விலையால் அல்ல. வேர்ச்செடியின் பட்டைக்கு அடியில் உள்ள வளர்திசுவும், ஒட்டுக்குச்சியின் வளர்திசுவும் இடைவெளி இல்லாமல் ஒட்ட வேண்டும். அதற்கு வெட்டு ஒரே இழுப்பில் தட்டையாக விழ வேண்டும். மழுங்கிய கத்தி திசுவை நசுக்கும்; அந்த இடம் கறுத்து அழுகிவிடும்.

விலைக்கு என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். முதலில், தீட்டிய கூர் அதிக நேரம் நிற்கும் எஃகு. பாத்திரம் செய்யும் எவர்சில்வர் வேறு, கத்தி எஃகு வேறு. பாத்திர எஃகைக் காய்ச்சித் தோய்த்தாலும் கடினமாகாது. அடுத்தது, ஆட்டம் இல்லாத கீல். அலகு ஆடினால் வெட்டு வளையும், மடங்கினால் விரல் போகும். மூன்றாவது, துருப்பிடிக்காத தன்மை. கார்பன் எஃகுக் கத்தியைத் தீட்டுவது சுலபம். ஆனால் நம் மலைப் பனிமூட்டத்தில் துடைத்து எண்ணெய் தடவாவிட்டால் சீக்கிரம் துருவேறும்.

ஒன்றை மறக்காமல் கவனியுங்கள். 1884-இல் தொடங்கிய விக்டோரினாக்ஸ் போன்ற நிறுவனங்கள் பேனாக்கத்தியும் செய்கின்றன, ஒட்டுக்கத்தியும் செய்கின்றன. பேனாக்கத்திக்கு இருபக்கமும் சரிவு இருக்கும். ஒட்டுக்கத்திக்கு ஒருபக்கம் மட்டும் சரிவு, மறுபக்கம் தட்டை. கடைக்காரர் காட்டுவது பேனாக்கத்தி என்றால் 3,200 ரூபாயும் வீண். இடதுகைக்காரர்கள் தங்களுக்கு ஏற்ற சரிவைக் கேட்டு வாங்க வேண்டும்.

கணக்குக்கு வருவோம். 20 செடிக்கு மட்டும் என்றால் செடிக்கு 160 ரூபாய் கத்திச் செலவு. வருடம் 20 வீதம் பத்து வருடம் கட்டினால் செடிக்கு 16 ரூபாய்தான். ஆண்டுதோறும் கட்டுபவர் தாராளமாக வாங்கலாம். உங்களுக்கு இப்போதைக்கு, கீல் ஆடாத 350 ரூபாய்க் கத்தியும் ஒரு மென்மையான தீட்டுக்கல்லும் போதும். பணியில் சேர்ந்த புதிதில் நானும் விலைக் கத்தி வாங்கினேன். தீட்டத் தெரியாமல் தட்டைப் பக்கத்தையும் சரித்துத் தேய்த்து அதைக் கெடுத்தேன். சரிவுப் பக்கத்தை மட்டும் தீட்டுங்கள். தட்டைப் பக்கத்தைக் கல்லில் படிய வைத்துப் பிசிறு மட்டும் எடுங்கள். தாளைப் பிசிறில்லாமல் அறுத்தால் கத்தி தயார்.

கத்தியை விட அவசரமானது மரம். நுனியிலிருந்து காய்வது பெரும்பாலும் வேரழுகலின் அறிகுறி. ஓரமாகத் தோண்டி ஊட்டு வேர்களைப் பாருங்கள். கறுத்து நொறுங்கினால் நோய் உறுதி என்றே கொள்ளலாம். ஏற்காடு தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் வேரையும் மண்ணையும் காட்டுங்கள். காயும் கிளையில் குச்சி எடுக்காதீர்கள். பச்சையாக உள்ள கிளையில், நுனி மொட்டு பருத்த, பென்சில் கனமுள்ள குச்சியாக எடுங்கள். முதலில் வேண்டாத குச்சிகளில் ஐம்பது வெட்டு பழகுங்கள். பாதியை இப்போதும், மீதியைப் பதினைந்து நாள் கழித்தும் கட்டுங்கள். ஒரு தவணை தவறினாலும் மற்றது நிற்கும். செடிக்குச் செடி கத்தியை ஸ்பிரிட்டில் துடையுங்கள். கட்டிய செடியைப் பழைய மரத்தின் குழியில் மட்டும் நடாதீர்கள். நோய் மண்ணிலேயே காத்திருக்கும். நீர் தேங்காத சரிவில் நடுங்கள்.

நல்ல கத்திக்குப் பணம் சேரும் வரை காத்திருக்க வேண்டாம். அதற்குள் பச்சைக் கிளையும் காய்ந்துவிடலாம்.