அரிட்டாபட்டியும் பத்திரிகைகளின் கடமையும்

மேலூர்ப் பகுதியில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை மத்திய சர்க்கார் 2025ஆம் வருஷம் ஜனவரி 23ந் தேதி ரத்துச் செய்ததை மதுரை ஜில்லாவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். அவ்வெற்றி ஜனங்களுடையது. அதற்கு முன் அம்மாதம் 7ந் தேதி ஆயிரக்கணக்கான விவசாயிகள் மேலூர்ப் பக்கத்திலிருந்து தல்லாகுளம் வரை ஊர்வலமாக வந்து தங்கள் உறுதியை உலகறியச் செய்தார்கள். அந்த வெற்றியில் பத்திரிகைகளாகிய நமக்கு எவ்வளவு பங்கு உண்டு என்று கேட்டுக்கொண்டால், நாம் தலைநிமிர்ந்து பதில் சொல்ல முடியவில்லை என்பதை ஒப்புக்கொள்வதே நேர்மையாகும்.

நடந்ததை வரிசையாகக் கவனிப்போம். 2022 நவம்பரில், அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களைச் சேர்ந்த 193.21 ஹெக்டேர் நிலத்தைத் தமிழ்நாட்டின் முதலாவது பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக ராஜ்ய சர்க்கார் பிரகடனம் செய்தது. ஏழு குன்றுகளும், சமண முனிவர்களின் படுக்கைகளும், தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும், குடைவரைச் சிவன் கோவிலும் உள்ள இடம் அது. சுமார் 250 வகைப் பறவைகள் அங்கே கணக்கிடப்பட்டிருக்கின்றன. வல்லூறும் ராசாளியும் அப்பாறைகளில் வாழ்கின்றன. தேவாங்கும் எறும்புத்தின்னியும் அவற்றின் அடிவாரத்தில் பிழைத்திருக்கின்றன. 2023ஆம் வருஷத்தில் சுரங்கச் சட்டம் திருத்தப்பட்டது. டங்ஸ்டன் உள்பட 24 தாதுக்களை ஏலமிடும் அதிகாரம் மத்திய சர்க்காருக்கே உரியதாயிற்று. 2024 நவம்பர் 7ந் தேதி வெளியான ஏல முடிவில், சுமார் 20 சதுர கிலோமீட்டர் நிலம் ஹிந்துஸ்தான் ஜிங்க் கம்பெனிக்குக் கிடைத்ததாக அறிந்தோம். அந்தப் பாரம்பரியத் தலமும் அந்த எல்லைக்குள்ளேயே அடங்கியிருந்தது!

ஏல அறிவிப்புக்கும் முடிவுக்கும் இடையே மாதங்கள் பல கழிந்தன. அறிவிப்பு ரகசியமன்று, இங்கிலீஷில், சர்க்கார் முறைப்படி வெளியானதே. ஆயினும் ஊரார் பெரும்பாலோர் விஷயத்தை அறிந்தது முடிவு வெளியான பின்புதான். தமிழ்ப் பத்திரிகைகளின் முதற்பக்கத்தில் நாயக்கர்பட்டி என்ற பெயர் ஏறியதும் அதன் பிறகே. சட்டசபைத் தீர்மானம் டிசம்பர் 9ந் தேதி வந்தது. அறிவிப்பு வந்த வாரத்திலேயே அதைப் படித்து, தேசப்படத்தில் எல்லையைப் பொருத்திப் பார்த்து, இரண்டும் ஒரே இடம் என்று எழுத ஒரு நிருபர் இருந்திருந்தால், ஜனங்கள் பனியிலும் வெயிலிலும் தெருவில் இறங்க வேண்டி வந்திருக்குமா?

அப்படிப்பட்ட நிருபர் ஏன் இல்லை? காரணம் எளிது. அவருக்குச் சம்பளம் கொடுக்க ஆள் இல்லை. கொலையும் தேர்தலும் ஒரு நாளில் நிகழ்பவை, அன்றே எழுதிவிடலாம். கண்மாய் ஒரு நாளில் மறைவதில்லை. முதலில் வரத்துக்கால் தூர்ந்து, பிறகு கரை சரிந்து, பிறகு கட்டடம் எழும்பி, ஒரு தலைமுறையில் மறைகிறது. ஹைகோர்ட்டின் மதுரைக் கிளை 2004ல் உலகநேரிக் கண்மாய் நிலத்தில்தான் எழுந்தது. நீதி கேட்டு நாம் தினந்தோறும் ஏறும் படிகளே இதற்குச் சாட்சி. இத்தகைய மெல்லிய அழிவைக் கண்காணிக்க, மாதக் கணக்கில் ஒரே விஷயத்தைப் பற்றி நிற்கும் ஆள் வேண்டும். விளம்பர வருமானத்தை நம்பி நடக்கும் பத்திரிகைக்கு அது சுலபமன்று. விளம்பரம் கொடுப்போரோ சர்க்காரும் பெரிய கம்பெனிகளுமே. நாமும் இதற்கு விலக்கல்லோம்.

அன்னிய தேசங்களில் இக்குறையைத் தீர்க்கச் சில முயற்சிகள் நடந்திருக்கின்றன. அமெரிக்காவின் இன்டர்நியூஸ் ஸ்தாபனம் 2004ல் புவி இதழியல் வலையமைப்பு ஒன்றை ஏற்படுத்தியது. அதன் பல்லுயிர்ச் செய்தித் திட்டத்துக்கு ஆர்க்கேடியா என்னும் தர்ம நிதி பணம் அளித்து வந்தது. நார்வே சர்க்காரின் உதவியுடன் 2018ல் புலிட்சர் மையம் மழைக்காட்டு இதழியல் நிதியைத் தொடங்கியது. ஏழை தேசங்களின் நிருபர்கள் பலர் இவற்றால் பயனடைந்தனர். அதை மறுப்பது நன்றி கொன்ற செயலாகும்.

ஆனால் கொடுப்பவன் மனம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் பணமும் செல்லும். மழைக்காட்டு நிதி அமேஸான், காங்கோ, தென்கிழக்கு ஆசியக் காடுகளை நோக்கியது. மழை மறைவுப் பிரதேசமாகிய நம் சமவெளியில், முட்புதரும் மொட்டைப் பாறையும் கண்மாயுமே செல்வம். அதைப் பாட நார்வேயிலிருந்து புலவர் வருவார் என எதிர்பார்ப்பது பேதைமை.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. 2010ஆம் வருஷத்து வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் 3வது பிரிவு, பதிவு பெற்ற பத்திரிகையின் நிருபர், ஆசிரியர், உரிமையாளர், அச்சிடுவோர், வெளியிடுவோர் ஆகியோர் அன்னிய நன்கொடை பெறுவதைத் தடுக்கிறது. மீறினால் ஐந்து வருஷம் வரை சிறைவாசம் விதிக்கலாம். செய்த வேலைக்குச் சம்பளமாகவோ, வியாபார முறையில் விலையாகவோ பெறுவதற்கு 4வது பிரிவு இடமளிக்கிறது, நன்கொடைக்கு இடமில்லை. ஜனங்களின் அபிப்பிராயத்தை உருவாக்கும் கருவி அன்னியன் கையில் சிக்கலாகாது என்பது இச்சட்டத்தின் கருத்தாகச் சொல்லப்படுகிறது. சுதேசி இயக்கத்தின் உப்பைத் தின்று வளர்ந்த நாம் அக்கருத்தை எதிர்க்கவில்லை. ஆனால் அன்னியன் கதவை அடைத்துவிட்டு உள்ளூர்க் கதவையும் திறவாமல் இருந்தால், காவலின்றி நிற்பது குன்றும் கண்மாயுமே அன்றோ?

2022 டிசம்பரில் மாண்ட்ரீல் நகரில் கூடிய தேசங்கள், வளரும் நாடுகளின் உயிர்வளத்தைக் காக்க 2025க்குள் வருஷத்துக்கு 2,000 கோடி டாலரும் 2030க்குள் 3,000 கோடி டாலரும் கிடைக்கச் செய்வதென்று வாக்களித்தன. அறிவு பொதுஜனங்களுக்கு எட்ட வேண்டும் என்பதையும் அம்மாநாடு 21வது இலக்காக ஏற்றது. சர்க்கார்களின் கை வழியே வரும் அந்தப் பணம், சர்க்காரைக் கேள்வி கேட்கும் பேனாவுக்கு மை வாங்கித் தரும் என்று நாம் நம்பவில்லை. கம்பெனிச் சட்டப்படி பெரிய கம்பெனிகள் தர்ம காரியங்களுக்குச் செலவிட வேண்டிய 2 சதவீதமும் அவ்வாறே. பாறையை உடைக்க வருகிறவன் பணத்தில் பாறையின் சரித்திரத்தை எழுதுவது எப்படி?

ஆகவே வழி ஒன்றே. அது பழைய வழி. ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882ல் சுதேசமித்திரனைத் தொடங்கியபோது எந்தத் தர்ம நிதியையும் எதிர்பார்க்கவில்லை. தமிழ் வாசகரையே நம்பினார். மா. கிருஷ்ணன் 1950 முதல் 1996 வரை இயற்கையைப் பற்றித் தொடர்ந்து எழுதிவந்தது கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் என்னும் இங்கிலீஷ் பத்திரிகையில். தமிழர் ஒருவரின் கண் கண்டதைத் தமிழகத்துக்கு வெளியே உள்ள பத்திரிகை நாற்பத்தாறு வருஷம் போற்றியது நமக்குப் பெருமையும் வெட்கமும் ஆகும்.

நமது யோசனை இதுதான். மதுரை ஜில்லாவில் வர்த்தகர், வக்கீல்கள், ஆசிரியர்கள், விவசாயிகள் சேர்ந்து ஒரு பத்திரிகை நிதி ஏற்படுத்த வேண்டும். எந்த ஒருவரும் குறிப்பிட்ட தொகைக்கு மேல் கொடுக்கலாகாது; கணக்கு வருஷந்தோறும் பகிரங்கமாக அச்சிடப்பட வேண்டும்; எதை எழுதுவது என்பதில் கொடுத்தவருக்கு வாக்கு இருக்கலாகாது. அந்நிதி எந்த ஒரு பத்திரிகைக்கும், நம் பத்திரிகைக்கும்கூட, சொந்தமாகாமல், நிருபருக்கே சம்பளமாகச் சேர வேண்டும். அவர் எழுதுவதை எல்லாப் பத்திரிகைகளும் பிரசுரிக்கலாம். 2002ஆம் வருஷத்துப் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் குழுவும், மக்கள் பதிவேடும் இருக்க வேண்டும். அப்பதிவேடுகளைத் திறந்து பார்ப்பதே அவருடைய முதல் வேலையாகட்டும்.

இந்த ஏழை ஜில்லாவில் இது கூடுமா என்று சிலர் கேட்பார்கள். மேலூரிலிருந்து நடந்து வந்த விவசாயி ஒரு நாள் கூலியை இழந்தே வந்தார். அந்த இழப்பில் ஒரு சிறு பங்கை வருஷத்துக்கு ஒரு முறை முன்கூட்டியே நாம் ஒவ்வொருவரும் கொடுத்தால், அடுத்த முறை அவர் நடக்க வேண்டிய அவசியமே நேராது. ஒரு ஏலம் ரத்தாயிற்று. பூமிக்குள் இருக்கும் டங்ஸ்டன் அங்கேயேதான் இருக்கிறது. அடுத்த அறிவிப்பு வரும் நாளில் அதைப் படிக்க நம்மிடம் ஓர் ஆள் இருப்பாரா என்பதை நேயர்களே முடிவு செய்ய வேண்டும்.