ஃபேஸர் பெடலுக்கு இஎம்ஐ வேண்டாம்

காளவாசல்ல ரூம் எடுத்துத் தங்கியிருக்கீங்க, சம்பளம் வந்த கையோட ஃபேஸர் பெடலுக்கு இஎம்ஐ போடப் போறீங்களா? பொறுங்க. கார்டுல 'நோ காஸ்ட்'னு போட்டிருந்தாலும் வட்டிப் பகுதிக்கு 18% ஜிஎஸ்டி உண்டு. வீடியோவுல கணக்கு போட்டுக் காட்டினோமே!

ஃபேஸர் கிட்டார் சிக்னலை ரெண்டாப் பிரிச்சு, ஒண்ணோட ஃபேஸை மாத்தித் திரும்பக் கலக்கும். அந்தச் சுழலுற சத்தம் எல்லாப் பாட்டுக்கும் ஒட்டாது. 1974-ல வந்த எம்எக்ஸ்ஆர் ஃபேஸ் 90-ல ஸ்பீடுக்கு ஒரே ஒரு குமிழ்தான். 1978-ல வான் ஹேலன் முதல் ஆல்பத்துல எடி வான் ஹேலன் மிதிச்சது அதைத்தான். நாலு குமிழுக்குக் கூடுதல் காசு எதுக்கு?

மல்டி எஃபெக்ட்ஸ் வச்சிருக்கிற நண்பர்கிட்ட ஒரு வாரம் வாங்கி, ஹெட்ஃபோன்ல (ஹவுஸ் ஓனர் பாவம்) வாசிச்சுப் பாருங்க. ஸ்பீடைக் குறைச்சு, டிஸ்டார்ஷனுக்கு முன்னாடி வைங்க. அப்பவும் வேணும்னா மூணு மாசம் சேத்து செகண்ட் ஹேண்ட்ல எடுங்க. அடாப்டர் 9 வோல்ட், சென்டர் நெகட்டிவ்தானான்னு பாத்து மாட்டுங்க.