நழுவிய தோள்

சூரமங்கலத்துப் பையன்களுக்குச் சடுகுடு என்றால் சோறு தண்ணீர் வேண்டுவதில்லை. நம்மிடம் படிக்கும் ஒரு மாணவனுக்குச் சென்ற வருஷம் ஆட்டத்தின் நடுவே வலது தோள் நழுவிவிட்டது. ஆஸ்பத்திரியில் அதைச் சேர்த்துக் கட்டி அனுப்பினார்கள். பத்தாம் நாளே கட்டை அவிழ்த்துவிட்டு வந்து, "ஆடலாமா, ஸார்?" என்று கேட்டான். "வலி இல்லையென்றால் ஆடேன்" என்று உத்தரவு கொடுத்த மேதாவி நாமேதான். பிறகு இருமுறை நழுவிற்று. கடைசி முறை, தூக்கத்தில் புரண்டபோதே!

விசாரித்தபின்தான் நம் பிசகு விளங்கிற்று. இடுப்பு மூட்டு, கிண்ணத்தில் வைத்த பந்து. தோளோ தாம்பாளத்தில் வைத்த தேங்காய். சுழல இடம் அதிகம், பிடிப்புக் குறைவு. தாம்பாளத்தின் விளிம்பைச் சுற்றிக் குருத்தெலும்பு வளையம் ஒன்று உண்டு. தோள் முன்பக்கம் நழுவும்போது பெரும்பாலும் அது பிய்ந்துவிடுகிறது. ஆகவேதான் இளவயதில் ஒருமுறை நழுவிய தோள் மறுபடியும் நழுவ வழி தேடுகிறது. லண்டன் டாக்டர் பாங்கார்ட் இதை 1923-இல் விவரித்தார். பிய்ந்த விளிம்பை எலும்போடு சேர்த்துத் தைப்பதே ரண சிகிச்சை. இக்காலத்தில் சிறு துவாரங்களின் வழியே காமிராக் குழாயைச் செலுத்தி இதைச் செய்கிறார்கள்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. மைதானத்தில் யாரையும் கையை இழுக்க விடாதீர்கள். எலும்பு முறிந்திருக்கலாம், நரம்பு நசுங்கலாம். துணியால் கையைத் தாங்கிக் கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

நம் மாணவனுக்கும் ரண சிகிச்சை நடந்தது. ஆனால் அது பாதி வேலைதான். நாலு முதல் ஆறு வாரம் கை கழுத்துப் பட்டையில் தொங்க வேண்டும். விரல், மணிக்கட்டு, முழங்கைகளை மட்டும் அசைக்கலாம். பிறகு தோளைக் கொஞ்சங் கொஞ்சமாகப் பழக்க வேண்டும். சுமார் மூன்று மாதத்துக்குப் பின் ரப்பர் பட்டையை இழுத்துத் தசைக்கு வலுவூட்டுவார்கள். மோதிப் பிடிக்கும் ஆட்டங்களுக்கு ஏறக்குறைய ஆறு மாதம். வலி போவது முதலில். தையல் பிடிப்பது பின்னால். இந்த இடைவெளியில்தான் எல்லா விபரீதமும்.

கிரிக்கெட் வீரர் ஷ்ரேயஸ் ஐயருக்கு 2021 மார்ச்சில், புனேயில் பந்தைத் தடுக்கப் பாய்ந்தபோது இடது தோள் நழுவிற்று. ஏப்ரலில் ரண சிகிச்சை. செப்டம்பர் வரை காத்திருந்தே ஆட்டத்துக்குத் திரும்பினார். நவம்பரில் கான்பூரில், தம் முதல் டெஸ்ட் பந்தயத்திலேயே 105 ஓட்டங்கள் எடுத்தார்!

இந்தக் கதையையெல்லாம் நம் மாணவனிடம் சொன்னோம். ஐந்தாவது வாரம் மறுபடி வந்து நின்றான். "இப்போது வலியே இல்லை. அடுத்த மாதம் போட்டி. ஆடலாமா, ஸார்?"

"டாக்டர் சொன்னால் ஆடலாம், அதுவும் ஆறு மாதம் சென்றபின்" என்றோம். முகம் சுருங்கிற்று. இரண்டு நாள் நம்மோடு பேசவில்லை.

இப்போது மாலைதோறும் கோட்டருகே உட்கார்ந்து இடது கையால் புள்ளிக் கணக்கு எழுதுகிறான். எழுத்து மகா கோணல். நாம் திருத்தவில்லை.