மருந்து வைக்காத எலி கிடைக்குமா?

போன மார்கழியில் கடலை விதைத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. மயில் வந்து விதையைக் கிளறுகிறதே என்று காட்டைச் சுற்றி நைலான் வலை கட்டியிருந்தேன். ஒருநாள் விடியக்காலை பனியில் போய்ப் பார்த்தால் அந்த வலையில் ஒரு கூகை தலைகீழாகத் தொங்குகிறது. இரவெல்லாம் அடித்துக்கொண்டு முறுக்கியதில் ஒரு றெக்கை தோள்பக்கம் கிழிந்து எலும்பு தெரிந்தது.

அந்த வலைக்குப் பத்தடி தள்ளித்தான் நான் நட்ட பறவைத் தாங்கி நின்றது. எலியும் புழுவும் பிடிக்க ஆந்தை, கரிச்சான் எல்லாம் வந்து உட்காரட்டும் என்று மூங்கிலில் நட்டது. உட்காரக் குச்சியும் நானே வைத்தேன், மாட்டிக்கொள்ள வலையும் நானே கட்டினேன். பூச்சிக்கொல்லியைத் தொட்டு வருசங்கள் ஆகிவிட்டன, இயற்கை வேளாண்மைக் கூட்டங்களில் மைக் பிடித்துப் பேசுகிறவன். அதனால்தான் இதை மறைக்காமல் எழுதுகிறேன்.

வலையை அறுத்து, துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பக்கத்துத் தோட்டத்துப் பங்காளி பார்த்துவிட்டு, "ஏனுங்ணா, இத எதுக்கு வூட்டுக்குள்ள கொண்டாந்தீங்க? கூகை வந்தா ஆகாதுங்க" என்றார். சாளைக்குள்தான் வைத்தேன். கால்நடை மருத்துவர் மாட்டுக்கு ஊசி போட ஊருக்கு வந்தவர், பார்த்துவிட்டுப் புண்ணைக் கழுவி றெக்கையை உடம்போடு சேர்த்துக் கட்டினார். "பொழைக்கலாம். இருட்டா, கதகதப்பா வையுங்க. சோறு கீறு போட்றாதீங்க, இதுக்கு எலிதான். நாளைக்கே வனத்துறையில ஒப்படைச்சிருங்க" என்றார்.

எலி. ஊர் முழுக்க எலி. ஆனால் கூகைக்குக் கொடுக்க ஓர் எலி கிடைக்கவில்லை. எந்த வீட்டில் கேட்டாலும், "நேத்துத்தான் மருந்து வெச்சங்க" என்கிறார்கள். கேக்கு மருந்து தின்ற எலி உடனே சாவதில்லை. ரத்தம் உறையாமல் சில நாள் தள்ளாடித் திரிந்துதான் சாகும். அந்த எலியைப் பிடித்துத் தின்கிற கூகைக்குள்ளும் அதே மருந்து இறங்கும். தள்ளாடும் எலிதான் பிடிக்கச் சுலபம் என்பதால் கூகை முதலில் பிடிப்பதும் அதைத்தான். மூன்றாவது ஊரில், கிட்டி வைக்கத் தெரிந்த ஒரு பெரியவர் வீட்டில் சாயங்காலம் ஒன்று கிடைத்தது. கொண்டுவந்து வைத்தேன். கூகை தொடவில்லை. மறுநாள் வனத்துறை ஆள் வருவதற்குள் கண் மூடிவிட்டது.

இந்த இதழில் நாம் பறவைகளைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். ஒரு கூகை இரவுக்கு ஒன்றிரண்டு எலியாவது பிடிக்கும், குஞ்சு இருந்தால் இன்னும் கூடுதல். கரிச்சான் வெட்டுக்கிளியைத் தின்னும். கொக்கு உழவுக்குப் பின்னாலேயே நடக்கும். எல்லாம் உண்மைதான். ஆனால் அந்தப் பேச்சு முழுக்க அவை நமக்கு என்ன வேலை செய்கின்றன என்பது பற்றியே. வேலைக்கு வந்த ஆள் நம் காட்டிலேயே கால் ஒடிந்து விழுந்தால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். பறவை விழுந்தால்? பெரும்பாலும் பார்த்துக்கொண்டு போய்விடுகிறோம். இல்லையென்றால் என்னைப்போல் சாளையில் வைத்துச் சாகடிக்கிறோம்.

காயம்பட்ட காட்டுப் பறவைகளைத் தேற்றி மீண்டும் பறக்கவிடும் மறுவாழ்வு மையம் ஒன்று சேலம், நாமக்கல் சமவெளிக்கென்று வேண்டும், அதை உழவர்கள் தோள்கொடுத்து நடத்த வேண்டும் என்பது என் கருத்து. வருசம் முழுக்கக்கூட வேண்டாம். ஐப்பசியிலிருந்து மாசி வரை இருந்தால் போதும். ஏன் அந்த மாதங்கள் என்றால், நம் ஊர்ப் பறவைகளோடு வெளியூர்ப் பறவைகளும் சேர்வது அப்போதுதான். மத்திய ஆசியாவிலிருந்து பூனைப்பருந்து வந்து மேட்டுக்காட்டில் வெட்டுக்கிளி தின்கிறது. சோளக்குருவிகள் கூட்டமாக வருகின்றன. வாலாட்டி ஏரிக்கரையில் ஓடுகிறது. ஐப்பசி அடைமழையில் ஆறுமணிக் குருவி இராத்திரிப் பயணமாக வடக்கேயிருந்து வந்து, வெளிச்சத்தில் தடுமாறி, வீட்டுச் சுவரிலும் சன்னல் கண்ணாடியிலும் மோதி வாசலில் கிடக்கும். பச்சையும் நீலமும் அடிவயிற்றுச் சிவப்புமாக இருக்கும் அதைப் பார்த்து, "யாரோ வளர்த்த கிளிங்களா?" என்று கேட்பார்கள். பெரும்பாலும் வெறும் அலுப்பும் அதிர்ச்சியும்தான். ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில், இருட்டில், சத்தமில்லாமல் சில மணி நேரம் விட்டால் தானே தெளிந்துவிடும். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றினால் மூச்சுக்குழலுக்குள் போய்விடும். நம் மக்கள் பாசத்தில் முதலில் செய்வது அதைத்தான்.

தெற்கே திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்தைப் பாருங்கள். செங்கால் நாரையும் கூழைக்கடாவும் வீட்டுப் புழக்கடை மரத்திலேயே கூடு கட்டுகிற ஊர். 1994இல் சரணாலயமாக அறிவித்தார்கள். ஆனால் அதற்கு முன்பிருந்தே ஊர்க்காரர்கள் பறவைகளைத் தங்கள் பொறுப்பாக வைத்திருந்தார்கள். தீபாவளிக்கு வெடி இல்லை, கல்யாணத்துக்கு மேளச் சத்தம்கூட அடக்கம்தான். கூட்டிலிருந்து தவறி விழுந்த குஞ்சுகளை எடுத்துவந்து, மீன் கொடுத்து, பறக்கும்வரை வளர்த்து விடுகிற பழக்கம் அங்கே உண்டு. அவ்வூர்ப் பால்பாண்டியும் அவர் மனைவி வள்ளித்தாயும் அந்தக் குஞ்சுகளுக்காகப் பாடுபட்டது நாடறிந்த செய்தி. உழவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று: பறவை எச்சம் கலந்த குளத்து வண்டலைக் கோடையில் அள்ளி வயலுக்குப் போடுகிறார்கள். கொடுக்கல் வாங்கல் இரண்டு பக்கமும் நடக்கிறது.

அவ்வளவு தூரம் எதற்கு? காவிரியைத் தாண்டினால் ஈரோடு மாவட்டம் வெள்ளோடு. சரணாலயத்தைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் வெடியில்லாமல் தீபாவளி கொண்டாடுகிறார்கள். கூந்தன்குளமும் வெள்ளோடும் 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. சேலம் கன்னங்குறிச்சி மூக்கனேரியில் 2010இலிருந்து மக்களே தூர்வாரி, வண்டலில் திட்டுகள் அமைத்து மரம் வைத்தார்கள். இன்று அந்தத் திட்டுகளில் பறவை அடைகிறது. நம்மவர்களால் முடியாது என்று யாரும் சொல்ல முடியாது.

பருவத்துக்கு மட்டும் மையம் நடத்துவதற்கும் முன்மாதிரி உண்டு. குஜராத்தில் உத்தராயணப் பட்டம் விடும் நாட்களில் மாஞ்சா நூலில் பறவைகள் கழுத்தறுபட்டு விழும். 2017இலிருந்து அங்கே அரசே ஜனவரி 10 முதல் 20 வரை 'கருணா அபியான்' என்று ஊர் ஊராகச் சிகிச்சை முகாம் நடத்துகிறது. கால்நடை மருத்துவர், வனத்துறை, தன்னார்வலர் எல்லாரும் ஒரே கூரையின் கீழ். அங்கே மாஞ்சா என்றால் இங்கே நம் வலை.

இங்கே நாமக்கல் என்றதும் ஒரு கேள்வி வரும், வரவும் வேண்டும். கோழிப் பண்ணைகள் நிறைந்த மாவட்டம். 2014இலும் 2021இலும் கேரளத்தில் ஆலப்புழை, கோட்டயம் பக்கம் வாத்துகளுக்குப் பறவைக் காய்ச்சல் வந்தபோது இங்கே பண்ணைக்காரர்களுக்குத் தூக்கம் போனது. "காட்டுப் பறவையைக் கொண்டாந்து ஊருக்குள்ள வெக்கறேங்கறீங்களே?" என்று கேட்டால் அது நியாயமான பயம். என் பதில்: அதற்காகவேதான் முறையான மையம் வேண்டும். இப்போது அடிபட்ட பறவை எங்கே போகிறது? கோழிக்கூண்டுக்குப் பக்கத்துச் சாளைக்குத்தான், என் கூகை போனதுபோல. பண்ணைகளுக்கு எட்டத்தில் இடம், வந்த பறவையைத் தனியே வைக்க அறை, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் கண்காணிப்பு, இவை இருந்தால் ஆபத்து குறையும். ஏரியில் ஒரே நேரத்தில் பல வாத்து, நாரை செத்துக் கிடந்தால் கையே வைக்கக் கூடாது. கால்நடைத் துறைக்குச் சொல்ல வேண்டும்.

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுப் பறவையை வீட்டில் வைத்து வளர்க்க முடியாது. ஆகவே மையம் வனத்துறையின் கையில்தான் இருக்க வேண்டும். அப்படியானால் நமக்கு என்ன வேலை? நிறைய இருக்கிறது. எலும்பு கூடச் சில வாரம் ஆகும். அதற்குப்பின் பறந்து பழக நீளமான கூண்டு வேண்டும். மூங்கிலும் கூலியும் நாம் தரலாம். காட்டிலிருந்து மையம்வரை கொண்டுபோய்ச் சேர்க்க, ஒவ்வொரு ஒன்றியத்திலும் பைக்கோடு நான்கு பேர் வேண்டும். ஏரி மீன் குத்தகைக்காரர் பொடிமீன் தரலாம். பண்ணையில் உடைந்த முட்டையை வேகவைத்தால் மைனாக் குஞ்சுக்குத் தீனி.

எல்லாவற்றையும்விட, காசு கொடுத்தாலும் கடையில் கிடைக்காத ஒன்று நம்மிடம் இருக்கிறது: மருந்து வைக்காத வயலின் எலி. கூகைக்கும் பருந்துக்கும் பயமில்லாமல் கொடுக்கக்கூடிய தீனி இயற்கை உழவரின் காட்டிலிருந்துதான் வர முடியும். ரசாயனத்தை விட்டோம் என்று சொல்லிக்கொண்டே களஞ்சியத்தில் எலிக் கேக்கு வைக்கிற நண்பர்கள் சிலரை எனக்குத் தெரியும். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

மயிலையும் சேர்த்தா காப்பாற்றச் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். மயில் விசயத்தில் எனக்கும் எரிச்சல் உண்டு. விதைத்த கடலையை இரண்டு முறை இழந்தவன். நரியும் காட்டுப்பூனையும் குறைந்த காட்டில் மயில் பெருகாமல் என்ன செய்யும்? அந்த நட்டத்துக்கு அரசிடம் இழப்பீடு கேட்டுப் போராடுவோம், அது தனிக் கணக்கு. ஆனால் குருணை மருந்தைச் சோளத்தில் கலந்து வைக்கிறார்களே, அதைத் தின்று மயில் மட்டுமா சாகிறது? கௌதாரி, புறா, செத்ததைத் தின்ற நாய் வரைக்கும் போகிறது. மாட்டுக்குப் போட்ட டைக்ளோபினாக் ஊசி பிணந்தின்னிக் கழுகுகளை அழித்த கதை நமக்குத் தெரியும். 2001இல் ஹரியானா பிஞ்சோரில் கழுகுப் பராமரிப்பு மையம் வந்தது. ஆனால் 2006இல் அந்த மருந்தைக் கால்நடைக்குத் தடை செய்த பிறகே, மையத்தில் வளர்ந்த கழுகை வெளியே விடுவதற்கு ஓர் அர்த்தம் வந்தது. காட்டில் விசம் இருக்கும்வரை உள்ளே எத்தனை கட்டுப் போட்டாலும் வீண்.

நான் வலையைப் பிரித்துவிட்டேன். இப்போது பழைய சேலைகளைத்தான் கட்டியிருக்கிறேன். மயில் கொஞ்சம் அதிகமாகவே வருகிறது, பொய் சொல்லவில்லை. வலை கட்டாமல் முடியாது என்பவர்கள் மெல்லிய நரம்பு வலையை விட்டுவிட்டு, கண்ணுக்குத் தெரிகிற தடித்த கயிற்று வலையை இழுத்துக் கட்டுங்கள், முளைப்பு தப்பியதும் அவிழ்த்துவிடுங்கள். வேலியில் விட்டுப்போன வலைத்துண்டுதான் அதிகம் கொல்கிறது.

டிசம்பர் 30 நம்மாழ்வார் ஐயா நினைவு நாள். அன்று நம் மாவட்டக் கூட்டங்களுக்கு வருகிறவர்கள், காட்டு ஓரத்தில் கிடக்கும் கிழிந்த வலையை ஒரு சாக்கில் சுருட்டிக் கொண்டுவாருங்கள், ஒரே இடத்தில் சேர்ப்போம். மையம் கேட்டு வனத்துறைக்குக் கொடுக்கும் மனுவிலும் அன்றே கையெழுத்து வாங்கிவிடலாம். உங்கள் ஊரில் கிட்டி கட்டத் தெரிந்த பெரியவர் யாராவது இருந்தால் கையோடு கூட்டிவாருங்கள். எனக்கு எலி கொடுத்தவர் வருவதாகச் சொல்லியிருக்கிறார். மூங்கில் மட்டும் நாம் கொண்டுவர வேண்டுமாம்.