எக்ஸ்ரே நிழலுக்கு மருந்தா?

விடாத இருமல், எடைக் குறைவு, சளியில் ரத்தம், எக்ஸ்ரேயில் ஒரு வெள்ளைத் திட்டு. இவை சேர்ந்தால் நம் ஊரில் முதலில் நினைவுக்கு வருவது டி.பி.தான். உலகிலேயே காசநோயாளிகள் அதிகமுள்ள நாட்டில் அப்படி நினைப்பது தவறில்லை. சளியில் கிருமி இல்லை என்று தெரிந்த பிறகும், ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று ஆறு மாத மாத்திரையைத் தொடங்கிவிடுகிறோமே, அதுதான் தவறு. திட்டு கரையவில்லை என்று தெரியவே இரண்டு, மூன்று மாதங்கள் ஓடிவிடும். அந்தத் திட்டு நுரையீரல் புற்றாக இருந்தால் அது சின்னக் காலமல்ல.

அந்தப் புற்றும் ஒரே நோயல்ல. ஏறத்தாழ 15 சதவீதம் சிறுசெல் வகை. பெரும்பாலும் புகைத்தவர்களுக்கு வருவது. மூளைக்கும் கல்லீரலுக்கும் வேகமாகப் பரவும். கீமோவுக்குச் சட்டென்று கரையும், பலருக்கு அதே வேகத்தில் திரும்பியும் வரும். மிச்சமெல்லாம் சிறுசெல் அல்லாத வகை. அதில் ஸ்குவாமஸ் புற்றுக்குப் புகையுடன் நெருங்கிய உறவு. அடினோகார்சினோமாவோ பீடியைத் தொடாதவர்களுக்கும், பெண்களுக்கும் வருகிறது. ‘சிகரெட் பிடிப்பீர்களா?’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று பதில் வந்ததும் சந்தேகத்தைக் கைவிடும் பழக்கம் இவர்களைத்தான் பலிவாங்குகிறது.

இத்தனைக்கும், மருத்துவம் அதிகம் முன்னேறியிருப்பது இவர்களுக்காகத்தான். இந்திய அடினோகார்சினோமா நோயாளிகளில் சுமார் நான்கில் ஒருவருக்கு ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணுவில் மாற்றம் இருக்கிறது. மேலைநாடுகளில் இது 10 முதல் 15 சதவீதம்தான். அந்த மாற்றத்தைக் குறிவைக்கும் ஜெஃபிடினிப் மாத்திரையை இந்திய நிறுவனங்களே தயாரிக்கின்றன. ஆசிய நாடுகளில் 1,217 பேரிடம் நடந்து 2009இல் வெளியான ஐபாஸ் ஆய்வில், மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு அந்த மாத்திரை கீமோவைவிட நோயை நெடுநாள் அடக்கிவைத்தது. மாற்றம் இல்லாதவர்களுக்கோ கீமோவே மேல், மாத்திரை மோசம். ஆக, பரிசோதிக்காமல் ஊகத்தில் கொடுத்தால் நல்ல மருந்தும் கெடுதலாகிவிடும்.

‘எத்தனை நாள் இருப்பார்?’ என்று கேட்கும் குடும்பத்துக்கு ஒரே பதில் கிடையாது. நுரையீரலுக்குள்ளேயே நோய் இருக்கும்போது கண்டுபிடித்தால் அமெரிக்காவில் பாதிப் பேருக்கு மேல் ஐந்தாண்டைக் கடக்கிறார்கள். தொலைவுக்குப் பரவிவிட்டால் பத்தில் ஒருவர் அளவில்தான். ஆனால் பரவியவர்களிலும் வேறுபாடு பெரிது. ஏ.எல்.கே. என்ற இன்னொரு மரபணுவில் மாற்றம் உள்ளவர்களுக்கு, அதைக் குறிவைக்கும் லோர்லாடினிப் மாத்திரையைக் கொடுத்துப் பார்த்த ஆய்வில், ஐந்தாண்டுக்குப் பிறகும் 60 சதவீதத்தினருக்கு நோய் முற்றவில்லை. சராசரிக் கணக்கைச் சொல்லி இவர்களை வீட்டுக்கு அனுப்புவது அநியாயம்.

‘ஊசி குத்தினால் புற்று பரவும்’ என்று பயாப்சிக்குத் தயங்குவோர் இன்றும் உண்டு. அப்படிப் பரவுவது மிக மிக அரிது. பயாப்சி இல்லாமல் வகையும் தெரியாது, மருந்தும் தெரியாது.

2024 மத்திய பட்ஜெட்டில், ஈ.ஜி.எஃப்.ஆர். மாற்றத்தைக் குறிவைக்கும் இன்னொரு மருந்தான ஒசிமெர்டினிப்புக்குச் சுங்க வரியை நீக்கினார்கள். நல்ல காரியம். அந்த மருந்து யாருக்கு என்று சொல்லும் மரபணுச் சோதனைக்கும் அதே அக்கறை வேண்டும். சளியில் கிருமி இல்லையென்றால் தாமதிக்காமல் சி.டி. ஸ்கேன், பயாப்சி, புற்றென்று உறுதியானதும், கேட்டு அலையவிடாமல் மரபணுச் சோதனை. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் இது நடைமுறையாக வேண்டும். இப்போதோ, திசுவைப் பதித்த மெழுகுக் கட்டியை ‘பிளாக் வாங்கிட்டு வாங்க’ என்று வேறோர் ஊருக்கு அனுப்ப, நோயாளியின் மகனோ மகளோ அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறுகிறார்கள்.